ஊசி குத்த மறுத்த சீனத்து அம்மா

அறுபதாம் ஆண்டு வாக்கில், இலங்கை மலையகத்தில், றொசல்ல ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கூடை சுமந்து சுமந்து வலது தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாத நிலை. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தும் வாங்கிக் குடித்தேன். எதற்கும் அசையவில்லை.

ரயில் நிலையத்துக்குக் கீழே, பாதையோரத்துத் தகரக்கூரை வீட்டில் சீனத்து அம்மா ஒருவர் இருந்தார். அவர் புருஷன் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்பவர். அந்த அம்மா முன்னறையில் வைத்தியம் பார்த்தார். மயிர் மாதிரி மெல்லிய ஊசிகளை ஸ்பிரிட்டில் துடைத்து, தோளிலும் கையிலும் காதோரத்திலும் குத்தி, கொஞ்ச நேரம் அப்படியே உட்காரச் சொல்வார். பிறகு வேரும் பட்டையும் தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் காய்ந்த தோலும் கலந்து பொட்டலம் கட்டித் தருவார். மூன்று கோப்பைத் தண்ணீரில் போட்டு ஒரு கோப்பையாகச் சுண்டக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். அந்தக் கசப்பை நினைத்தால் இப்போதும் முகம் சுளிக்கும். ஆனால் ஆறே வாரத்தில் என் கை பழையபடி தலைக்கு மேல் போனது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? யார் முழங்கால் வலி என்றாலும் இடுப்புப் பிடிப்பு என்றாலும், நானே முன்னால் நடந்து அவரிடம் கூட்டிப்போவேன். பாதி வைத்தியம் எனக்கே தெரியும் என்ற நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் சாமான் வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தார். அவருடைய தங்கச்சி, எட்டு மாதத்துக்கு முன்தான் கல்யாணமாகிப் லயத்தில் எங்கள் பக்கத்து அறையான காம்பிராவுக்கு வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மதினி, அடிவயித்துல கிழிக்கிற மாதிரி இருக்கு. தோள்பட்டை வேற வலிக்குது. டிஸ்பென்சரி ஐயா வீட்டுக்குப் போவமா?"

தோள் என்ற வார்த்தை போதும் எனக்கு.

"அங்க போனா கலர்த் தண்ணிதான் குடுப்பாங்க. எனக்கும் இதே தோள்தானே? வா, நாலு ஊசியில பறந்துரும்."

இறக்கத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாயுவாக இருக்கும் என்று சொல்லித் தூக்கி நடத்தினேன்.

சீனத்து அம்மா சிரித்தபடி ஊசிப் பெட்டியைத் திறந்தார். அவள் மணிக்கட்டில் விரல் வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத்தாளாக இருந்தது. வயிற்றில் லேசாகக் கை வைத்ததற்கே அவள் அலறினாள். எல்லாப் பெண்களையும் அவர் சிங்களத்தில் நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, மாசக் குளிப்பு எப்ப வந்தது?"

அவள் என்னைப் பார்த்துத் தலைகுனிந்தாள். "ரெண்டு மாசமாச்சு. நல்லாத் தெரிஞ்ச பொறகு சொல்லலாம்னு இருந்தேன்."

அந்த அம்மா பெட்டியை மூடினார்.

"ஒரு ஊசியாச்சும் போடுங்கம்மா. வலி கொறஞ்சா நடந்துருவா" என்றேன்.

"போட மாட்டேன். உள்ள ரத்தம் போகுது. இது என் வேலை இல்ல. டாக்டர் வெட்டணும், இப்பவே."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எனக்குச் சொகமாக்கினீங்களே, அதே தோள்வலிதானேம்மா?"

"உனக்கு வலி தோள்ல. இந்த நங்கிக்கு வயித்துல இருந்து தோளுக்கு ஏறுது."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு பாதைக்கு ஓடினார். விறகு ஏற்றிக்கொண்டு ஹட்டன் பக்கம் போன லொறி ஒன்றின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். டிரைவர் கத்தினார். இவர் சிங்களத்தில் அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னார். அந்த மனிதர் உடனே கதவைத் திறந்துவிட்டார். நாத்தனாரை மடியில் சாய்த்துக்கொண்டு சீனத்து அம்மா முன்னால் ஏறினார். நான் பின்னால் விறகுக்கட்டின் மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் செத்துப்போனால் என் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் வழியெல்லாம் என் மனதில்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா சொன்னதைக் கேட்டதும் டாக்டர் தாமதிக்கவில்லை. கரு, கர்ப்பப்பையில் தங்காமல் பக்கத்துக் குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவர், "தப்பிச்சிட்டாங்க. யாரு கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

சீனத்து அம்மா என்னைக் காட்டினார். "இந்த நங்கிதான் வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்தா."

"நல்ல வேலை செஞ்சீங்க" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூட அத்தனை சுட்டிருக்காது.

சாயங்காலம் வந்து சேர்ந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நாத்தனார் தேறி உட்கார்ந்ததும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மதினி, அந்தம்மாகிட்டதானே கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அந்த அம்மாவிடம் ஆட்களை அனுப்புவதை நான் நிறுத்தவில்லை, இன்னும் தைரியமாகவே அனுப்பினேன். என் தோளைச் சுகமாக்கியதைவிட, இது என் வேலை இல்லை என்று அவர் தயங்காமல் சொன்னதைத்தான் நான் கண்ட பெரிய வைத்தியமாக இன்றும் நினைக்கிறேன்.