ஒரே ஊர்க்காரர்கள்

எங்கள் வீட்டில் யாருக்கும் குலசாமி தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த அப்பாவின் தாத்தா எந்தச் சாமியைக் கும்பிட்டார், அவரைப் பெற்றவர்கள் யார், கூடப்பிறந்தவர்கள் இருந்தார்களா, ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு சொல். தட்டப்பாறை. அதுதான் நம்முடைய ஊர், தூத்துக்குடிப் பக்கம் என்று அப்பா சொல்வார். அவர் அங்கே போனதில்லை. அவருடைய அப்பாவும் போனதில்லை. ஆனாலும் நேற்றுத்தான் போய்விட்டு வந்தவர் போல அடித்துப் பேசுவார்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் என் தங்கையின் கல்யாணத்தை நிறுத்தினார்.

மாப்பிள்ளை என்னோடு படித்தவன். பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துக்கு எதிர்மலையில் அவர்களுடைய லயத்து வரிசை வீடு. ஒரே சாதி, ஒரே மாதிரிக் கஷ்டம். தங்கைக்கும் அவனுக்கும் பிடித்துப்போய்விட்டது. எனக்கும் அதில் சந்தோஷம்தான். அவன் வீட்டார் முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார், உங்களுக்குப் பூர்வீகம் எது என்று. அவனுடைய அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

“தட்டப்பாறைங்க.”

அப்பா கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப நாம பங்காளிங்கல்ல! எங்க தாத்தா எதிர்மலையில ஒருத்தர தம்பி தம்பின்னு கூப்பிடுவாருன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. அது உங்க தாத்தாதானா? ஒரே ஊரு, ஒரே சாதி, அண்ணன் தம்பின்னு இருந்தவங்க. நம்ம புள்ளைங்க அண்ணன் தங்கச்சியால்ல ஆகுதுங்க? எப்படிங்க கலியாணம் பண்றது?”

சண்டை வரவில்லை. அதுதான் கொடுமை. சண்டை வந்திருந்தால் இரண்டு பேரும் ஓடிப்போயாவது கட்டியிருப்பார்கள். மாறாகப் பெரியவர்கள், தொலைந்த சொந்தம் கிடைத்துவிட்டது என்று கண் கலங்கினார்கள். அவனுடைய அப்பா என் அப்பாவை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். பெண் கேட்டு வந்த கூட்டம் பங்காளிக் கூட்டமாகத் திரும்பிப் போனது. உள்ளே காம்பராவில் என் தங்கை இருக்கிறாள் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

சில நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தேறிவிட்டாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவனுக்கு வட்டவளையில் பெண் பார்த்தார்கள். அவனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் வேண்டுமே என்று கல்யாண வீட்டில் தேடினார்கள். “நம்ம புள்ள இருக்குல்ல” என்று அப்பாதான் இவளை முன்னால் அனுப்பினார். போட்டாள். நான் கை நனைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் இருந்து, பந்தி பரிமாறிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொன்னாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு கட்டாயப்படுத்தவும் ஆளில்லை. இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவன் வட்டவளையிலேயே கடை போட்டுக் குடும்பமாக இருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு இவள் அத்தை. அவனை இவள் வாய் நிறைய ‘வட்டவளை அண்ணன்’ என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கேட்டாள்.

“அண்ணே, போன்ல என்னென்னமோ தேடுறீங்க. நம்ம ஊரத் தேடிப் பாருங்களேன். அங்க நம்ம பங்காளிங்க யாராச்சும் இருப்பாங்கல்ல? சாமி இருக்கும்ல?”

“இப்ப எதுக்கு அது?”

“சும்மாதான். அப்பா சொன்னது சரின்னு தெரிஞ்சா போதும்.”

அது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஊர் உண்மையாக இருந்து, அங்கே எங்கள் பங்காளிகளும் அவனுடைய பங்காளிகளும் ஒரே சாமியைக் கும்பிட்டால், அவள் தனியாக இருந்ததற்கு ஓர் அர்த்தம் உண்டு. செய்யக்கூடாததைச் செய்யாமல் இருந்தாள் என்று ஆகும். அந்த ஆறுதலையாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தேடலில் இறங்கினேன். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். தேடினால் எதுவும் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டவன்.

தோட்டத்து ஆபிசில் பழையது ஒன்றும் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கச்சேரி என்கிற அரசாங்க ஆபிசில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தியாவில் போய்க் கேளுங்கள் என்றார். கடைசியில் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருப்பது தெரிந்து, அதில் எழுதிப் போட்டேன். எங்கள் ஊர் தட்டப்பாறை, அந்த ஊர்க்காரர் யாரும் இருக்கிறீர்களா என்று.

வந்து குவிந்துவிட்டார்கள். பட்டிப்பொலயில் ஒரு குடும்பம், எங்களுக்கும் அதே ஊர்தான் என்றது. நுவரெலியாவில் ஒரு கத்தோலிக்க டீச்சர், என் பாட்டனாரும் தட்டப்பாறைதான் ஐயா என்று எழுதினார். அட்டனிலிருந்து ஒருவர். இங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பிப்போய்க் கூடலூரில் குடியேறிய ஒரு குடும்பம். நான் ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்கத் தங்கை குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

“பாத்தீங்களா, அப்பா பொய் சொல்லல. எவ்வளவு பெரிய ஊரு நம்ம ஊரு!”

அவள் அப்படிச் சிரித்து நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, என் மண்டைக்கு உறைக்க வேண்டியது உறைக்கவில்லை. எங்களோடு கொடுக்கல் வாங்கலே இல்லாத சாதிக்காரர்கள் அதில் இருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு குடும்பம்கூட அதே ஊர் என்றது. ஒரு சின்ன ஊரிலிருந்து இத்தனை விதமான ஆட்களா என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை.

அப்புறம் தட்டப்பாறையிலிருந்தே ஒருவர் பேசினார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். குழுவில் பார்த்து என் நம்பரைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“சார், தப்பா நெனைக்காதிய. எங்க ஊரு ஆளுவ அப்படிக் கூட்டமா கண்டிக்கு, அதான் சிலோனுக்குப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல. கண்டிக்குப் போறவங்கள கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி இங்கன ஒரு கேம்புல வச்சிருந்தாவ. சீக்கு கீக்கு இருக்கான்னு பாத்துட்டுத்தான் அனுப்புவாவ. எல்லா ஊரு ஆளுவளும் வந்து கெடந்துட்டுப் போன எடம் சார் இது.”

அவருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். எங்கிருந்து வருகிறாய் என்று இங்கே தோட்டத்தில் யாரோ அப்பாவின் தாத்தாவைக் கேட்டிருப்பார்கள். கடைசியாகப் படுத்து எழுந்த இடத்தைச் சொல்லியிருப்பார். பிறந்த ஊரைச் சொல்ல மனமில்லாமலும் இருந்திருக்கலாம். பஞ்சமோ, கடனோ, அடியோ, எதிலிருந்து ஓடி வந்தாரோ. பக்கத்தில் படுத்துக்கிடந்த இன்னொருவரைத் தம்பி என்று கூப்பிட்டிருப்பார். அந்த அந்நிய இடத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவது? அதைப் பிடித்துக்கொண்டு என் அப்பா முறை பார்த்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்குச் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவருக்கும் கையில் கிடைத்தது அந்த ஒரு சொல்தானே.

தங்கையிடம் சொல்லாமல் சில வாரம் ஓட்டினேன். தட்டப்பாறைக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு சாயங்காலம், அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அப்ப அது நம்ம ஊரு இல்லையா?”

“இல்ல.”

“அவங்க ஊரும் இல்ல?”

“இல்ல. அது யாரு ஊருமே இல்ல. வழியில தங்குன எடம்.”

“அப்ப பங்காளின்னது?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவங்களுக்கும் சாமி தெரியாது, நமக்கும் தெரியாது. இனிமே யாராலயும் சொல்ல முடியாது தங்கச்சி.”

அழுவாள் என்று பயந்தேன். அப்பாவைத் திட்டுவாள் என்றாவது எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். அவள் மாவை உருண்டை பிடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா?”

எந்த அவர் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவனை எப்போதும் ‘வட்டவளை அண்ணன்’ என்றுதானே சொல்வாள்.

“இன்னும் இல்ல.”

“சொல்லிடாதீங்க அண்ணே. என்னைய தங்கச்சின்னு நெனச்சுக்கிட்டு அவரு நிம்மதியா இருக்காரு. அவராவது இருக்கட்டும்.”