வேலூரில் மதியச் சாப்பாடு

இன்று காலை லிஃப்டுக்குள் நுழைந்ததும் ஓம வாட்டர் வாசனை. ஏழாவது மாடிப் பெண் தோளில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். "ராத்திரி பூரா வயித்து வலி சார், இப்பதான் குடுத்தேன்" என்றாள். நல்லதும்மா என்று சொல்லிவிட்டு, தரைத்தளம் போக வேண்டியவன் இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியில் நடந்தேன். அது குழந்தைகளின் வாசனைதானே என்பீர்கள். எனக்கு அது சைக்கிள் வாசனை, தேவாவின் வாசனை.

தேவா பட்டாபிராம்காரன். திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினான். நான் தெற்கே எங்கிருந்தோ வந்து இங்கே ஃப்ளாட் வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவன். எங்களைச் சேர்த்துவைத்தது ஸ்டேஷன் பக்கத்துப் பஞ்சர் கடை. இருவரிடமும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் சைக்கிள், இருவருக்கும் பின்சக்கரத்தில் ஓயாத பஞ்சர். வேறென்ன பொருத்தம் வேண்டும்?

ஒருநாள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டான். "மாமே, ஒரே நாள்ல வேலூர் போய்ட்டு வந்துர்லாமா? காலைல இருட்டோட கெளம்பறோம். மத்தியானம் எங்கக்கா ஊட்ல சோறு. நைட்டு நம்ம ஊட்ல தூக்கம்."

போக வர இருநூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். மார்க்கெட் வரை மிதித்தாலே எனக்கு நாக்குத் தள்ளும். ஆனாலும் சரி என்றேன். அவன் கேட்ட விதம் அப்படி.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அந்த அக்காதான். கல்யாணமாகி வேலூர் போனதிலிருந்து தம்பி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அவளுக்கு மனக்குறை. அன்றே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான்.

"சைக்கிள்லயா? நீ மொதல்ல பஸ்ல வந்து காட்டுடா" என்றாள் அக்கா.

"நீ கறி எட்து வச்சிகினு ஒக்காரு. ரெண்டு பேரு வரோம்."

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று. ஐப்பசியிலிருந்தே ஒத்திகை. ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினோம். முதலில் ஸ்ரீபெரும்புதூர், பிறகு சுங்குவார்சத்திரம். பஞ்சு வைத்த சைக்கிள் டவுசரை நான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போனபோது திருமழிசை டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே, "இன்னா சார், அவசரத்துல பேண்ட்ட மறந்துட்டியா?" என்றார். தொடை உராயாமலிருக்கத் தேங்காயெண்ணெய், களைப்புக்குக் கடலை மிட்டாய், தாகத்துக்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். பலத்துக்குத் தினமும் ஊறவைத்த கொண்டைக்கடலை. அது தேவாவின் யோசனை. இருவரும் குதிரைபோலத் தின்றோம்.

சாலைப் பாடமும் அவன் வகுத்ததுதான். ஒருவர் சக்கரத்தை ஒட்டி ஒருவர் போக வேண்டும், அப்போதுதான் பின்னால் வருபவருக்குக் காற்று அடிக்காது. ஆனால் பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் பள்ளம் வந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார். பார்த்துவிட்டேன் என்பதற்குப் பின்னாலிருப்பவர் "ரைட்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அவன்தான் முன்னால். நான் அவன் கையை நம்பியே ஓட்டினேன். அந்தச் சாலையில் பள்ளத்துக்கா பஞ்சம்?

கார்த்திகையில் அவனுக்கு நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது. மேட்டில் ஏறினால் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் அது வாய்வுதான். கொண்டைக்கடலை தின்றவனுக்கு வேறென்ன வரும் என்று எல்லோரும் சொன்னோம். கடலையை நிறுத்தினான். மெடிக்கலில் ஓம வாட்டர் வாங்கி சைக்கிளின் இரண்டாவது பாட்டிலில் ஊற்றிக்கொண்டான். டாக்டரிடம் போகச் சொல்லி அவன் மனைவி நச்சரித்தாள். "பொங்கல் போவட்டும், வேலூர் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்றான். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு ஏப்பம் விட்டு, "பாத்தியா, எறங்கிட்ச்சி" என்று சிரிப்பான். ஏப்பம் வந்தால் எங்களுக்கும் நிம்மதி.

கடைசி ஒத்திகை. மார்கழிப் பனி. "இன்னிக்கி நீ முன்னாடி போ மாமே" என்றான். திருமழிசை தாண்டியதும் ஒரு பள்ளம், கையை நீட்டினேன். "ரைட்டு" வந்தது. அடுத்த பள்ளத்துக்கும் வந்தது. மூன்றாவதற்கு வரவில்லை. லாரி சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சாலையில் அவன் இல்லை.

வந்த வழியே போனேன். சைக்கிளைக் கிலோமீட்டர் கல்லில் பதவிசாகச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஓம வாட்டர் பாட்டில். அந்தப் பனியிலும் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"கேஸு மேல ஏறிக்கீது. ரெண்டு ஏப்பம் வந்தா சரியாப்பூடும்."

ஏப்பம் வரவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து ஏற்றினேன். பாட்டில் கவிழ்ந்து என் மடியெல்லாம் ஓம வாசனை. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "எப்பத்துலேர்ந்து நெஞ்சு வலி?" என்று கேட்டார்கள். வலி என்று ஒருநாளும் அவன் சொன்னதில்லையே.

வேலூரிலிருந்து அக்கா பஸ்ஸில் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என் டவுசரைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சைக்கிள்ல வரேன்னான்பா. நான்ல்ல வந்துகீறேன்" என்று அழுதாள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பஞ்சர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டீக்கடைக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை. பொங்கல் நெருங்கினால் அக்கா மட்டும் போன் செய்வாள். "பஸ்லயே வாப்பா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்பாள். வருகிறேன் என்பேன். இதுவரை போனதில்லை.

சைக்கிளை விற்கவில்லை. எப்போதாவது ஞாயிறு காலையில் திருமழிசை வரை மிதிப்பேன். சாலையை அகலமாக்கிப் பள்ளங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். இருந்தும் அந்த இடம் வந்தால் கை தானாகக் கீழே நீளும். உடனே இழுத்துக்கொள்ள மனம் வராது. கொஞ்ச தூரம் அப்படியே நீட்டிக்கொண்டு போவேன்.