கேட்டில் ஒருத்தி, வீட்டில் ஒருத்தி

என் மனைவி ரயில்வே கேட் கீப்பர். பதினோரு வருஷத்தில் அவள் மூட மறந்த கேட் ஒன்றுகூட இல்லை. அதே பதினோரு வருஷத்தில் வீட்டில் அவள் மூட மறந்த குழாய்க்கும் டப்பாவுக்கும் கோழிக்கூண்டுக் கதவுக்கும் அளவே இல்லை. இரண்டு பேரும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை காய்ந்ததுதான் மிச்சம்.

கேட்டை ஒட்டித்தான் எங்கள் குவாட்டர்ஸ். சுற்றிலும் முள்புதரும் பொட்டல்வெளியும். அடுத்த வீட்டு மனுஷர் முகத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். என் முழங்கால் போனபிறகு நான் கோழி வளர்க்கிறேன். கேட் மூடியிருக்கும்போது நிற்கும் லாரிக்காரர்களுக்கு அவித்த முட்டை விற்கிறேன். அங்கே நின்று அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போன் அடிக்கும். வரப்போகும் ரயிலுக்கான ரகசிய எண் ஒன்றை ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வார். அவள் திருப்பிச் சொல்வாள், நோட்டில் எழுதுவாள், கேட்டை இறக்கிப் பூட்டுவாள், திரும்பி வந்து, மூடியாயிற்று என்பதற்கு அடையாளமாகத் தன் எண்ணைச் சொல்வாள். ஒரு பிசகு இருக்காது.

ஷிப்ட் முடிந்து மாற்று ஆள் வந்ததும் இவள் வீட்டுக்குள் நுழைவாள். அடுப்பில் பாலை வைப்பாள். கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போவாள். சட்டையில் பட்டன் தொங்கும். ஊசி எடுக்கப் பெட்டியைத் திறப்பாள். பெட்டிக்குள் பழைய போட்டோ கிடைக்கும். அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பால் பொங்கி, கருகி, பாத்திரம் ஓட்டையாகிற நேரத்தில் நான் வந்து கத்துவேன்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னா கேக்குற. நான் சொன்னா மட்டும் காது கேக்காதா?"

"வேணும்னு செய்யலைங்க."

"அப்போ அங்க மட்டும் எப்படி சரியா செய்யற?"

"தெரியலைங்க."

அந்த 'தெரியலைங்க' இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரயிலுக்குக் கொடுக்கிற மரியாதை கட்டினவனுக்கு இல்லை என்றே நம்பினேன்.

ஒருநாள் இப்படி நான் கத்திக்கொண்டிருந்தபோது, வாரம் ஒருமுறை அந்த வழியாகப் போகும் நர்ஸின் ஜீப் கேட்டில் நின்றிருந்தது. முட்டை வாங்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, இது திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. ஏ.டி.டி.ன்னு ஒண்ணு இருக்கு. கவனம் ஒரு இடத்துல நிக்காது. பெரியவங்களுக்கும் உண்டு. டவுன்ல ஒரு டாக்டரம்மா போன்லயே பாக்கறாங்க. அக்காவைப் பேசச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேசுவது லேசா? கேட் போன் ரயிலுக்கு மட்டும்தான். செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏழாவது படிக்கு ஏற வேண்டும். முதல் தடவை டாக்டர் கொடுத்த நேரத்தை இவள் மறந்தே போனாள். இரண்டாவது தடவை ஞாபகமாக ஏணியில் ஏறினாள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. கவனமில்லாததற்கு வைத்தியம் பார்க்கவே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், இது எந்த ஊர் நியாயம்? மூன்றாவது தடவை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். நான் நாலாவது படியில் நொண்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் கேட்டதெல்லாம் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கடைசியாக, நான் பதினோரு வருஷமாகக் கேட்ட அதே கேள்வி. கேட்டில் மட்டும் எப்படிம்மா தப்பு வருவதில்லை?

இவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"பயம் டாக்டர். போன் வெச்சதுலேர்ந்து ரயில் தாண்டற வரைக்கும் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டே இருப்பேன். மூடிட்டேன், பூட்டிட்டேன், மூடிட்டேன், பூட்டிட்டேன்னு. எட்டு மணி நேரமும் அதேதான். வீட்டுக்கு வர்றப்ப என்கிட்ட ஒண்ணுமே மிச்சம் இருக்காது."

என்னிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. சொல்ல விட்டேனா என்றும் தோன்றியது.

டாக்டர் மாத்திரை எழுதினார். வாரம் ஒருநாள் இவளைப் போன்றவர்கள் போனில் கூடிப் பேசுவார்கள், நீயும் சேர்ந்துகொள் என்றார். அப்புறம் ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். ஷிப்ட் மாற்றி மாற்றிப் போடாமல் ஒரே ஷிப்டாகக் கொடுக்கச் சொல்லியும், மாத்திரை சாப்பிடுவதைத் தெரிவித்தும் ஆபீசுக்கு எழுதும் கடிதம். அடுத்த வாரமே நர்ஸ் அதைக் கொண்டுவந்தாள். கேட்டைச் சோதிக்க ரயில்வே இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வரும்போது கையில் கொடுத்துவிட வேண்டும்.

கடிதத்தை வாங்கிப் படித்ததும் நான் குதித்தேன்.

"கவனக் கோளாறுன்னு எழுதிக் குடுத்தா கேட்ல விடுவானா? வேலை போனா வீடும் போகும். நொண்டிக்காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"சொல்லாம இருந்து ஒருநாள் தப்பு நடந்தா? லாரில இருக்கறவங்க எங்க போவாங்க?" என்றாள் இவள்.

பேச்சில் தோற்றவன் செய்கிற வேலையைத்தான் செய்தேன். வியாழக்கிழமை அவள் ஷிப்டில் இருந்தபோது அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கோழித் தீவன டின்னுக்கு அடியில் வைத்தேன். அவளுக்குச் சந்தேகமே வராது என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தொலைத்துக்கொண்டே இருப்பவள் ஆயிற்றே.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். அதற்கு முன்னும் பின்னும் அவள் தேடினாள். அலமாரியைக் கவிழ்த்தாள். அரிசி டப்பாவில் கையை விட்டுத் துழாவினாள். மெத்தை உறையைப் பிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து தேடுவதாக நடித்தேன். "எங்கயாவது வெச்சிருப்ப, நல்லா யோசி" என்று சொன்னேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நாலாம் நாள் மதியம், இரண்டு ரயிலுக்கு நடுவே வீட்டுக்குள் வந்தவள் தேடுவதை நிறுத்திவிட்டாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை.

"நான் முடிவு பண்ணிட்டேங்க. மூணு மணி வண்டி போனதும் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லிடப் போறேன். எனக்கு இந்த வேலை வேணாம்."

"ஏன், என்ன ஆச்சு இப்ப?"

"உயிர் போற காரியம்னு தெரிஞ்சும் ஒரு காகிதத்தை என்னால பத்திரமா வெக்க முடியல. அலமாரியில வெச்சேன்னு சத்தியமா நினைச்சேன். அதுவே தப்புன்னா, கேட்டைப் பூட்டிட்டேன்னு நான் நினைக்கறதை இனிமே எப்படி நம்பறது?"

எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அதற்கே கொள்ளி வைத்திருக்கிறேன். வேலை மட்டுமா? அவளிடம் உறுதியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டேன்.

எழுந்து வெளியே போனேன். டின்னை நகர்த்திக் கடிதத்தை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினேன். உள்ளே வந்து அவள் மடியில் போட்டேன்.

"அலமாரியிலதான் வெச்சிருந்த. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. இவளுக்கு நான் தாலி கட்டிய நாளில்கூட இப்படி மலர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அப்போ நான் தொலைக்கலையா?"

"இல்ல."

"நிஜமாவா? நான் தொலைக்கவே இல்லையா?"

"நீ தொலைக்கல."

கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன். மூன்று மணி வண்டிக்குக் கேட் போன் அடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். கடிதத்தையும் கூடவே எடுத்துப் போனாள்.

என்மேல் கோபம் வர அவளுக்கு மறுநாள் காலை ஆயிற்று.