சட்டைப் பைக்குள் போன கை

மன்னார்ப் பேசாலை யோசேப்புவின் மூன்றாவது பிள்ளை நேசமலருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் கைத்துவக்குப் பழக வேண்டி வந்தது.

யோசேப்புவுக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவள் கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். இரண்டாவது ஜேசுரட்ணம், பாரிசுக்குப் போய் அங்கேயே சலரோகத்தில் செத்துப் போனவன். கடைசி இரண்டும் ஊரோடு. நேசமலர் மட்டும் ஜேர்மனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தொண்ணூற்றாறில் அல்பேர்ட்டைக் கட்டி ஹம் நகருக்கு வந்தாள். அல்பேர்ட் வங்காலை ஆள். அவனுடைய தகப்பனும் இவளுடைய தாயும் ஒன்றுவிட்ட சகோதரங்கள், ஆகவே முறைக்கும் மச்சான்தான். கடதாசிகளில் குடும்பப் பெயர் கேட்டபோது புருசனுடைய பெயரையே எழுதிக் கொடுத்ததால் வேலையிடத்தில் அவள் ஃப்றாவ் அல்பேர்ட், திருமதி அல்பேர்ட்.

வேலை என்றால் வாசற்காவல் வேலை. ஒரு பாதுகாப்புக் கொம்பனி அவளை ஒன்பது வருடமாக ஹம்முக்கு வெளியே ஒரு கம்பித் தொழிற்சாலையின் வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தி வைத்திருந்தது. லொறி வந்தால் தடுப்பை உயர்த்துவாள், இலக்கத்தை எழுதுவாள், புது ஆள் வந்தால் அவுஸ்வைஸ் என்கிற அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவாள். அந்தத் தொழிற்சாலை போலந்துக்கு மாறப்போவதாக ஆவணி மாதம் தெரிய வந்தது. பிறகு கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. வாசலில் நின்றவர்கள் விரும்பினால் டோர்ட்மண்டில் வங்கிகளுக்குக் காசு ஏற்றுகிற வண்டிப் பகுதிக்கு மாறலாம், விருப்பமில்லாதவர்களின் வேலை மார்கழியோடு முடியும். வண்டிக்குப் போகிறவர்களுக்கு இடுப்பில் துவக்கு இருக்கவேண்டும். அதற்கு ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாள் கொம்பனியின் சொந்தச் சோதனை ஒன்று.

அல்பேர்ட் இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தூக்கித் தூக்கி முள்ளந்தண்டு போய் வீட்டில் இருக்கிறவன். வீடு ஓடுவது நேசமலரின் வேலையில். தொழில் ஒன்றும் முறையாகப் படிக்காத, ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுக்கப் போகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப்பற்றி அவர்கள் கதைக்கவுமில்லை. அல்பேர்ட் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எப்ப தொடங்குது என்று மட்டும் கேட்டான்.

நேசமலருக்குப் பயம் வரவில்லை. மனம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தட்டிப் பார்த்தால் தன்னுடையதென்று தெரிகிறது, வேறொன்றும் தெரிவதில்லை. அவள் கனகாலமாகவே அப்படித்தான். பிள்ளை பெற்றபோதும், தகப்பன் செத்த செய்தி வந்தபோதும் அவள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுச் சோறு வடித்தவள். ஆட்கள் அவளைப் பொறுமைசாலி என்பார்கள்.

அவளோடு வாசலில் மாறிமாறி நின்ற கொட்வினும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான். கொட்வின் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெடியன். நாற்பது வயது வந்தும் ஆட்களுக்கு அவன் பெடியன்தான். அவனுடைய சின்னம்மா ஒருத்தி பேசாலையில் கலியாணம் முடித்தவள், அந்தத் தொடுப்பில் நேசமலர் அவனுக்கு அக்கா. இரண்டு பேரும் காலையில் ரெயின் பிடித்து டோர்ட்மண்டுக்குப் போவார்கள். பிறகு பஸ். ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் சுடுதளம் இருந்தது.

பயிற்சி கொடுத்தவர் பிரிங்மன் என்ற ஜேர்மன்காரர். முன்னாள் இராணுவக்காரர், வெள்ளைத் தாடி, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த ஆள். முதல் இரண்டு நாளும் சட்டம். எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது. ஒருவன் தாக்கத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அந்தக் கணமே தொடங்கப்போக வேண்டும், வேறு வழி இருக்கக்கூடாது. நேசமலர் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சின்னக் குறிப்பிடம் பாடமாக்கியது போல கேள்வியும் மறுமொழியுமாக எல்லாவற்றையும் பாடமாக்கினாள். எழுத்துச் சோதனையில் அவளுக்கு ஒரு கேள்விதான் பிழைத்தது. கொட்வின் மயிரிழையில் தப்பினான்.

மூன்றாம் நாள் உண்மையான துவக்கு. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. எட்டுப் பேரில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் வெடிக்குக் கை நடுங்கியது. ஒரு இளம்பெண் துவக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நேசமலர் சொன்ன மாதிரிக் காலை அகட்டி, சொன்ன மாதிரி மூச்சை விட்டு, பத்துத் தரம் சுட்டாள். கடதாசி மனிதனின் நெஞ்சில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவு வட்டத்துக்குள் ஒன்பது ஓட்டை இருந்தது. பிரிங்மன் கடதாசியைக் கழற்றி மற்றவர்களுக்குக் காட்டி, இந்தக் கையைப் பாருங்கள், இதில் நடுக்கமே இல்லை என்றார்.

கொட்வின் கிட்ட வந்து குனிந்து சொன்னான்: "அக்கா, உங்கட அகதிக் கேசில இதைச் சொல்லாமல் விட்டிட்டியளோ?"

"எனக்குக் கேசும் இல்லை, கீசும் இல்லை. நான் கலியாணம் கட்ட வந்தனான்."

"அல்பேர்ட் அண்ணைக்கு இது தெரியுமோ? பாவம் அந்த மனிசன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. நடுக்கம் இல்லாததற்குக் காரணம் என்னவென்று அவள் யோசிக்கவில்லை. கடதாசிதானே.

நாலாம் நாள் மேலே மண்டபத்தில் நடிப்புப் பயிற்சி. ஓடாத பழைய வண்டி ஒன்றை நடுவில் விட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பயிற்சித் துவக்கு, அதற்குள் நீலச் சாயக் குண்டு. பட்டால் சுள்ளென்று நோகும், காயம் வராது. காசுப் பெட்டியோடு வண்டிக்கு நடக்கும்போது பிரிங்மன் பஞ்சு வைத்த சட்டையும் தலைக்கவசமுமாக எங்கிருந்தாவது பாய்ந்து வருவார். கொட்வின் முதலாவதாகப் போய் நெற்றிக் கவசத்தில் நீலம் வாங்கிக்கொண்டு வந்தான்.

நேசமலரின் முறை வந்தது. நாலு அடி நடந்தாள். வண்டிக்குப் பின்னாலிருந்து பிரிங்மன் கையில் துவக்கோடு வந்து நில் என்று கத்தினார்.

அவளுடைய கை இடுப்புக்குப் போகவில்லை. சட்டையின் இடதுபக்கப் பைக்குப் போயிற்று. அவுஸ்வைஸை எடுத்து, படம் இருக்கிற பக்கம் வெளியே தெரிய, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரிங்மனும் கவசத்தைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை, திரும்பச் செய்யச் சொன்னார். இரண்டாம் தரமும் அவுஸ்வைஸ்தான் வந்தது. கொட்வின் அப்போது சிரிக்கவில்லை. கொட்வினும் ஊரில் சோதனைச் சாவடிகளுக்குள்ளால் பள்ளிக்கூடம் போன பிள்ளைதான், ஆனால் அவன் பன்னிரண்டு வயதில், அடையாள அட்டை எடுக்கிற வயதுக்கு முந்தியே, இங்கே வந்தவன்.

பிளாஸ்ரிக் அட்டை விரலில் தட்டுப்பட்ட பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. பிரிங்மன் அட்டையைக் கொட்வினிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். மூன்றாம் தரம் கை வெறும் பைக்குள் போய்த் துழாவிவிட்டுத்தான் இடுப்புக்கு வந்தது. அதற்குள் அவள் மேல் நீலம் விழுந்துவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் அல்பேர்ட்டிடம் சொன்னாள். அவன் முதுகுப் பட்டியை இறுக்கிக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து இருந்தான். இவள் அகப்பைக் காம்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினியிலிருந்து நடந்து வருவாள். அவன் கத்துவான். இவள் அகப்பையை இழுத்து அவனுக்கு நேரே பிடிப்பாள். அறுபது தரம் செய்திருப்பார்கள். கீழ்வீட்டுக் கிழவர் கூரையை ஒருக்கால் தட்டினார்.

"இனிச் சரி. கை பழகீட்டுது. நாளைக்கு யோசியாமல் செய்" என்றான் அல்பேர்ட்.

ஐந்தாம் நாள் கொம்பனியின் சோதனை. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். நேசமலர் முதற்கட்டத்தில் பிழை விடவில்லை. பிரிங்மன் பாய்ந்து வந்தார், கை நேரே இடுப்புக்குப் போயிற்று, அவருடைய நெஞ்சில் இரண்டு நீலம். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கினார்.

அடுத்ததில் கத்தவேண்டியவள் நேசமலர். அவள் வண்டியைக் காவல் காக்கிறாள். அறியாத ஆள் ஒருவன் நேரே வருகிறான். துவக்கை நீட்டி, நில், கையைக் காட்டு என்று அவள் சொல்லவேண்டும். சொன்னாள். அவளுடைய குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிரிங்மன் நின்றார். அவருடைய வலது கை மெதுவாகச் சட்டையின் மேற்பைக்குள் போயிற்று.

நேசமலரின் துவக்கு அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது. கை நடுங்கவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில், தாய்க்கு மருந்து எடுக்க மன்னாருக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர். அதற்கு முன்னால் வெள்ளைச் சேட்டும் நீலச் சாரமும் கட்டிய ஒரு மனிதன். சாவடியில் நின்ற ஆமிக்காரன் சின்னப் பெடியன், மீசையும் சரியாக அரும்பவில்லை. அவன் ஏதோ கத்தினான். அந்த மனிதன் கேட்கிறதுக்கு முந்தியே காட்டிவிடுவோம் என்ற அவசரத்தில் சேட்டுப் பைக்குள் கையை விட்டான். ஒரு வெடிதான். கையோடு அட்டை வெளியே வந்து தார்ப்பீப்பாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிறகு அவனை இழுத்து ஓரமாக விட்டார்கள், வரிசை நகர்ந்தது, நேசமலர் தன்னுடைய அட்டையைக் காட்டினாள், மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். யோசேப்புவின் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் நாலு தலைமுறைக்கு இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று சொல்லுவார்கள். அந்த மனிதன் யாருடைய பிள்ளை என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் விசாரித்தும் பார்த்தார்கள். ஆள் யாரென்று பிடிபடவில்லை.

பிரிங்மனின் கை பையிலிருந்து வெளியே வந்தபோது அதில் இருந்தது துவக்கு. நேசமலரின் நெஞ்சில் ஒன்று, தோளில் ஒன்று, கழுத்துப் பட்டியில் ஒன்று.

அவர் கவசத்தைக் கழற்றினார். முகம் வேர்த்திருந்தது. ஏன் சுடவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நீங்கள் அவுஸ்வைஸ் எடுக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்று அவள் ஜேர்மன் மொழியில் சொன்னாள்.

கையைக் காட்டச் சொன்ன பிறகு பைக்குள் கை போனால் அது அவுஸ்வைஸ் அல்ல என்றார் பிரிங்மன். சட்டம் உங்களுக்கு ஒரு விநாடி யோசிக்கத் தரும், தெரு தராது என்றார். இன்னொரு தரம் செய்வோம், இந்தத் தரமும் பைக்குள் துவக்குத்தான் இருக்கிறது, முன்கூட்டியே சொல்கிறேன் என்றார். அவர் நல்ல மனிதர்தான்.

திரும்பவும் செய்தார்கள். அவள் கத்தினாள். அவர் நின்றார். கை பைக்குள் போயிற்று. உள்ளே இருப்பது துவக்கு என்று அவளுக்குத் தெரியும். விரலையும் விசையில் வைத்திருந்தாள். கை வெளியே வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பவும் நீலம் விழுந்தது.

மண்டபத்தில் அந்நேரம் இருவரைத் தவிர யாருமில்லை. மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போயிருந்தார்கள். பிரிங்மன் வாங்கில் இருந்து படிவத்தை முழங்காலில் வைத்தார். கீழே இரண்டு கட்டம், தகுதி, தகுதியில்லை. எழுத்திலும் சுடுவதிலும் இந்த எட்டுப் பேரில் நீங்கள்தான் முதல் ஆள், இப்படி ஒரு ஆளை விட எனக்கு மனமில்லை என்றார். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"தெருவில் நிற்கும்போது சுடுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் தகுதி என்ற கட்டத்தில் அடையாளம் போடுகிறேன்."

ஒரு வார்த்தைதான். நேசமலர் அல்பேர்ட்டின் முதுகுப் பட்டியை நினைத்தாள். மார்கழி என்று போட்ட கடிதத்தை நினைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"இல்லை" என்றாள். "நான் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்."

அவர் இரண்டாவது கட்டத்தில் கோடு கீறி, படிவத்தைத் திருப்பி அவளுடைய கையெழுத்துக்கு நீட்டினார். அவள் போட்டாள். எழுந்து கையைக் குலுக்கும்போது அவருடைய கை ஈரமாக இருந்தது.

கொட்வின் தேறிவிட்டான். ரெயினில் அவன் அவளுக்கு முன் இருக்கையில் இருந்து தன்னுடைய பத்திரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக வந்தான். காமன் ஸ்ரேசன் தாண்டியதும் வாய் திறந்தான்.

"அக்கா, ஒரு பொய்தானே. சொல்லியிருக்கலாம். வண்டிக்குள்ள இருந்தாக் காணும், ஒருத்தரும் வரமாட்டினம். இவ்வளவு வருசத்தில ஒருக்காலும் வரேல்லையாம்."

"வந்தா?"

"வந்தா நான் இருக்கிறன்தானே. நான் சுடுவன்."

"நீ சுடுவாய். எனக்கு ஏலாது கொட்வின். வாறவன் ஆருடைய பிள்ளையோ."

கொட்வின் பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தான். ஹம்மில் இறங்கும்போது அவளுடைய பையை அவனே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

வீட்டில் அல்பேர்ட் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தான். அவளுடைய மேற்சட்டையில் நீலத்தைக் கண்டதும் கத்தியை வைத்தான்.

"சரிவரேல்லையோ?"

"இல்லை."

"கை திரும்பவும் பைக்குப் போச்சுதோ?"

"என்ரை கை சரியா இருந்தது" என்றாள். நடந்ததை ஆறுதலாகச் சொன்னாள், பிரிங்மன் கேட்ட ஒரு வார்த்தை வரைக்கும். வரிசையில் நின்ற மனிதனைப்பற்றி அவள் அல்பேர்ட்டுக்கு முந்தி ஒருநாளும் சொன்னதில்லை. இருபத்தேழு வருடத்தில் அது வாயில் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது சொன்னாள். நீலச் சாரம், தார்ப்பீப்பா, எல்லாம். அவளுக்கு அழுகை வரவில்லை. அல்பேர்ட் கேட்டுக்கொண்டு நின்றான்.

"வங்காலைப் பக்கமோ அந்த ஆள்?" என்று கேட்டான்.

"தெரியாது."

"என்ரை அம்மாவைக் கேட்டிருக்கலாம். அவ இருந்திருந்தால் சொல்லியிருப்பா." பிறகு, "அப்ப தை பிறந்தால் என்ன செய்யிறது?" என்றான்.

"தெரியேல்லை."

அவன் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை வெட்டினான். அவள் மேற்சட்டையைக் கழற்றித் தோய்க்கிற மெசினுக்குள் போட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நேசமலர் வேலைத் திணைக்களத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். இருபது நிமிடம் பாட்டுப் போனது. பிறகு ஒரு பெண் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டாள், என்ன தொழில் தெரியும் என்று கேட்டாள். வாசலில் நிற்பது என்று நேசமலர் சொன்னாள். மூன்று கிழமை கழித்து நேரே வரச்சொல்லி ஒரு ரெர்மின் தந்தார்கள். அதைக் கலண்டரில் எழுதிவிட்டு, தொழிற்சாலை வாசலில் பதினொரு மணி முறைக்குப் போக வெளிக்கிட்டாள்.