உரலடியில் உட்கார்ந்த குத்துச்சண்டைக்காரன்

ஃபுந்துவா சந்தையில் தபாவாவிடம் கடலையெண்ணெய் வாங்குகிறவர்கள் கூடவே நாலு வசவும் வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த விதவை அவள். கடலையை வறுத்துத் தோல் தேய்த்து, மில்லில் அரைத்துக் கொண்டுவந்து உரலில் கொட்டி உட்கார்ந்தால், கை விழுதைப் பிசையும், வாய் ஊரைப் பிசையும். வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்துப் பிசையப் பிசைய, விழுது இறுகி எண்ணெய் கக்கும். மிஞ்சிய பிண்ணாக்கை வளையங்களாக உருட்டி அந்த எண்ணெயிலேயே பொரித்தால் குளிகுளி. அதற்கும் சந்தையில் அடிதடிதான்.

அவளுடைய மாமன் மகன் சூலே கசாப்புக்காரன். அறுவடை முடிந்தால் கையில் கயிறு சுற்றிக்கொண்டு குத்துச்சண்டைக்கு இறங்கிவிடுவான். முறைக்காரர்கள் கேலி பேசாவிட்டால்தான் அந்த ஊரில் சந்தேகப்படுவார்கள். ஆகவே அவளைச் சீண்டாமல் அவன் அந்த வாசலைத் தாண்டுவதில்லை.

ஒருநாள் தோள்வலியில் அவள் முனகிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தான்.

"உக்காந்த எடத்துல மாவு பிசையறதுக்கா இந்த முனகல்? நாங்க காளையையே ஒத்தையாளா சாய்க்கிறவங்க."

"அப்போ வந்து பிசை. எண்ணெய் வரலேன்னா சந்தைக்கு என் கூடையத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வரணும்."

வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டாள். சூலே உரலுக்குள் கையை விட்டான். விழுது முழங்கை வரை ஏறியது, தாடியிலும் அப்பியது. பெண்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். அவனோ எதிராளியை முறைப்பது போல உரலை முறைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தான். வந்தது பாருங்கள் எண்ணெய்! சட்டி நிறைந்து, பக்கத்து வீட்டு லராபா இன்னொன்றுக்கு ஓட வேண்டியதாயிற்று.

தபாவா எண்ணெயை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு, "கடலை நல்ல கடலை" என்றாள்.

"நேத்தும் இதே கடலைதானேக்கா?" என்றாள் லராபா.

மறுநாள் தெருப் பெண்கள் எல்லாரும் விழுதோடு வந்துவிட்டார்கள். சூலேயின் கைகளைத் தானே பெற்று வளர்த்தவள் போலத் தபாவா நின்று அவர்களை வரிசைப்படுத்தினாள். சூலே வெட்கப்பட்டான், ஆனாலும் வந்தான். கூலியாக அவன் கேட்டது குளிகுளி மட்டும்தான். அதில்தான் வினை. வாணலி பக்கத்திலேயே உட்கார்ந்து, எடுக்க எடுக்கத் தின்றான். சாயங்காலம் பார்த்தால் கூடுதலாக வந்த எண்ணெயின் லாபமெல்லாம் அவன் வயிற்றுக்குள் போயிருந்தது. அடுத்த தடவை மிளகாயை அள்ளிப் போட்டாள். அவன் வியர்க்க வியர்க்கத் தின்றுவிட்டு, இதுதான் பக்குவம் என்று பாராட்டினான்.

சேதி கசாப்புத் தெருவுக்கு எட்டியது. கூட்டாளிகள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்று, "சூலேக்கா இருக்காங்களா?" என்று குரல் கொடுத்தார்கள். சூலே கதவுக்குப் பின்னால் பதுங்கினான்.

எண்ணெய் சொட்டும் கரண்டியோடு தபாவா வெளியே வந்தாள். "அவனக் கேலி பண்ண எனக்கு முறை இருக்கு. உங்களுக்கு என்னடா முறை?"

கரண்டியைப் பார்த்ததும் அவர்கள் நடையைக் கட்டினார்கள். அவனுக்காக இவ்வளவு பேசினோமே என்று நெகிழ்ந்துபோய் அவள் உள்ளே வந்தால், குளிகுளித் தட்டு காலி. பொழுது சாயும்வரை அவனை வைதாள். அவன் அடுத்த உரல் விழுதைப் பிசைந்துகொண்டிருந்தான்.