புதரில் கட்டிய சிவப்புத் துணி

டெல்லி ரிட்ஜ் காட்டில் நடக்கும்போது குப்பை பொறுக்குவது என் வழக்கம். நாலு பேர் பாராட்டுவார்களே. அன்றும் ஒரு சீமைக் கருவேலப் புதரில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சற்று நேரத்தில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கமலாவும் மூன்று பெண்களும் அரிவாளோடு வந்தார்கள். இந்த அந்நிய மரத்தை வெட்டி விறகாக விற்பதும், அங்கே நாட்டு மரங்களை நடுவதும் அவர்கள் பிழைப்பு. கமலா அதே புதரின் மீது அரிவாளை ஓங்கினார். உள்ளே ஏதோ உறுமியது.

என் முப்பது வருட இந்தி பறந்துவிட்டது. "சிறுத்தை, சிறுத்தை" என்று தமிழில் அலறிக்கொண்டே பக்கத்து மரத்தில் ஏறினேன். அதுவும் கருவேலம். முள் குத்தாத இடம் என் உடம்பில் மிச்சமில்லை.

அலறல் கேட்டுக் கமலாவின் கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். மூன்று நரிக்குட்டிகள், அவற்றை மறைத்தபடி தாய்.

"நல்லவேளை கத்தினீங்க அண்ணா. குட்டி இருந்தா துணி கட்டிடுவோம், வெட்ட மாட்டோம். நேத்து நானே கட்டினேன்; துணி இல்லாம எந்தப் புதருன்னு தெரியல. எங்கே போச்சோ?"

பேசாமல் பாராட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். பைக்குள் கைவிட்டுத் துணியை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொள்ளாமல் புதரைக் காட்டினார். "அச்சா. நீங்களே கட்டுங்க."

கட்டினேன். முள் குத்திய விரல்களில் முடிச்சு மூன்று முறை நழுவியது.

இப்போதெல்லாம் காட்டில் கந்தலைக் கண்டால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் யாரையாவது கேட்கிறேன்.