ராஜையன் கார் பிடித்த கதை

வெள்ளமடம் ராஜையன் கூட வராமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் மாடு பிடித்ததில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவரை விட்டுவிட்டுப் போவதுண்டு. சந்தைக்கு அவர் இல்லாமல் போகமாட்டார்கள். தோளில் துண்டோடு அவர் வடசேரிச் சந்தைக்குள் நுழைந்தாலே தரகர்கள் குறையுள்ள மாடுகளைப் பின்வரிசைக்குத் தள்ளுவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ராசி சொல்லும் மயிர்ச்சுழி எங்கெங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். எல்லாம் பார்த்து முடித்து, "மாடு கொள்ளாம். ஆனா ஒரு ஆழ்ச்ச எங்க தொழுவுல நிக்கட்டு" என்பார். ஒரு வாரம் அவர் தொழுவில் தின்று, உழுது, தன் குணத்தைக் காட்டிய பிறகுதான் மாட்டுக்கு விலை. அந்த விலையையும் வாயால் பேசமாட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். சொந்தத் தொழுவில் பிறந்த கன்றுக்கு மட்டும் அவர் சுழி பார்ப்பதில்லை. நம் வீட்டில் பிறந்ததை வேண்டாம் என்று எங்கே கொண்டு விடுவது என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்ட ராஜையன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம், ஒரு கார் பிடிக்கப் புறப்பட்டார்.

காரணம் அவர் மனைவி நேசபாய். ஆறு பிள்ளைகளைப் பெற்றவள். ஏழாவது வயிற்றில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அந்தக் குடும்பத்தை வில்வண்டி இரண்டு நடையாகத்தான் கொண்டு சேர்த்தது. முதல் நடையில் போன பிள்ளைகள் பாட்டுப் பாடி முடிக்கும்போது இரண்டாம் நடைக்காரர்கள் உள்ளே நுழைவார்கள். அதைக்கூட நேசபாய் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று.

ஆறாவது பிள்ளை தேவகனி நடுரோட்டில் பிறந்தவள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போகும் வழியில், பார்வதிபுரம் தாண்டி ஏற்றத்தில், ஊரே கண் வைத்த வெள்ளைக் காளைகளில் ஒன்று படுத்துவிட்டது. தட்டியும் எழவில்லை, கெஞ்சியும் எழவில்லை. மழை வேறு. வழிப்போக்கர்கள் ஓலைக்குடையோடு வண்டியைச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, துணைக்கு வந்த பக்கத்து வீட்டுச் செல்லக்கனி பிள்ளையை எடுத்தாள். தாய் பிழைத்தது கர்த்தருடைய கிருபை. தெம்பு வந்ததும் நேசபாய் சொன்னது ஒன்றுதான்.

"இன்னொண்ணு உண்டானா, அது ரோட்டுல பொறக்கப்பிடாது. சொல்லிட்டேன்."

"கார்ல கொண்டுபோறேன், போருமா?" என்று ராஜையன் அப்போதைக்கு வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்குக்கு இப்போது மாசம் நெருங்கிவிட்டது.

புதுக் கார் என்றால் தோப்பை விற்க வேண்டும். பழசு என்றால் கும்பப்பூ அறுவடை நெல்லை விற்ற பணத்தோடு போய்விடும். கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த சலாஹுதீனுக்குக் கார் வியாபாரமும் உண்டு. மலையில் எஸ்டேட் துரைமார்கள் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் கார்களை வாங்கித் துடைத்துக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார். ராஜையன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

முதல் காரை மூன்று முறை சுற்றி வந்தார். முன்விளக்குகளில் ஒன்று கொஞ்சம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாறுகண்ணு" என்றார்.

"அண்ணாச்சி, ஸ்குரூவ ஒரு திருப்புத் திருப்பினா நேராயிரும்" என்றார் சலாஹுதீன்.

"திருப்பி நேராக்குத கண்ணு எனக்கு வேண்டாம் சாயிபே."

இரண்டாவது காரின் பின்பக்கம் சப்பியிருந்தது. பின்னால் அடிபட்டது ஓட்டுகிறவனை நம்பாது என்று அதையும் தள்ளினார். மூன்றாவது கார் கறுப்பு. மேலே கான்வாஸ் கூடு, உள்ளே அகலமான தோல் இருக்கை. பிள்ளைகளை அடுக்கிவிட்டால் பெரியவர்களும் உட்காரலாம். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அவருக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"ஒரு ஆழ்ச்ச எங்க தொழுவுல நிக்கட்டு" என்றார்.

சலாஹுதீன் தலையில் கை வைத்தார். ஆனால் மாசக் கணக்கில் விலை போகாத கார். மறுநாளே வெள்ளமடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து, மாடுகளை ஒதுக்கிய இடத்தில் நிறுத்தினார். தினமும் சாயங்காலம் வந்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

அன்று இருட்டுவதற்குள் ராஜையன் தொழுவுக்குப் போய்க் காளைகளைக் கட்டினார். கட்டிய கையோடு காரின் முன்கம்பியிலும் ஒரு கயிற்றைப் போட்டு முளையில் கட்டிவிட்டு வந்தார். காலையில் பால் கறக்க வந்தவன் அதைப் பார்த்தான். பிறகு சொல்ல வேண்டுமா? வைக்கோல் போட்டாச்சா, பருத்திக்கொட்டை திங்குமா என்று ஊரே விசாரிக்க வந்துவிட்டது. கைப்பழக்கம் என்று சொல்லிப் பார்த்தார், யார் விட்டார்கள்?

அந்த வாரத்தில் காரின் குணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. குளிர்ந்துகிடந்தால் ஹாண்டிலைப் போட்டுத் தோள் கழலும்வரை சுற்ற வேண்டும். சீக்கிரம் எழும்பாத சாதி என்றார் ராஜையன். ஓடிவந்து நின்றால் மூக்கில் ஆவி விட்டது, இளைப்பு என்றார். ஹாரனை அமுக்கினால் கன்றைப் பறிகொடுத்த பசுபோலக் கத்தியது. அதற்கு அவர் முகத்தைச் சுளித்தார்.

நேசபாய்க்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் நாளே சுளகில் அரிசியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டாள். நிறைமாச இடுப்புக்கு அந்த மெத்தை சுகமாக இருந்தது. கல் பொறுக்குவதும் அங்கே, மத்தியானத் தூக்கமும் அங்கே. பிள்ளைகள் யாருக்கு எந்த இடம் என்று அடித்துப்பிடித்து முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் மனசில் காரை வாங்கிவிட்டார்கள். வாங்க வேண்டியவரைத் தவிர.

வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ராஜையன் தொழுவுக்கு வந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு சாயிபு காலத்தே வருவாரு. இதத் திருப்பி விட்டிரலாம்னு இருக்கேன்."

"இதுக்கு என்னவாக்கும் கொற?"

"கொறன்னு ஒண்ணுமில்ல. மனசுக்குப் பிடிக்கல்ல."

நேசபாய் சுளகைக் கீழே வைத்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. நேரங்காலம் தெரியாம இன்னும் நாலு காரக் கொண்டுவந்து கட்டிப் பாக்கப் போறியளா?"

ராஜையன் காளைகள் பக்கம் கை காட்டினார். "அந்தக் காளையையும் நான்தாண்டி பாத்துப் பிடிச்சேன்" என்றார். "ஒரு ஆழ்ச்ச கட்டிப் பாத்துத்தான் பிடிச்சேன். அது ஏத்தத்துல படுத்துச்சு. நீ உள்ள கெடந்து அலறுத, நான் மழையில மாட்டுக்க வாலப் பிடிச்சிட்டு நிக்கேன். எனக்கு என் கண்ணு மேல நம்பிக்க போச்சு நேசம்."

ஊர் முழுக்க அவர் கண்ணை நம்பிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை அவர் இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நேசபாய் கதவைப் பிடித்திருந்த அவர் கைமேல் கை வைத்தாள்.

"மாடு படுத்ததுக்கு நான் ஒங்கள ஒரு வார்த்த சொன்னேனா?"

"சொல்லல்ல. சொல்லியிருந்தா கொள்ளாம்."

மறுநாள் காலை சலாஹுதீன் வந்தபோது நேசபாய் காருக்குள்தான் இருந்தாள். கையில் துணிமூட்டை. பக்கத்தில் செல்லக்கனி.

"எறங்குட்டி, சாயிபு நிக்காரு" என்றார் ராஜையன். கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைப்பு.

"எறங்க முடியாது" என்றாள் நேசபாய், பல்லைக் கடித்துக்கொண்டு. "வலி வந்து நேரமாச்சு. கயிற அவுத்து விடுங்க."

கார் அன்றும் கட்டித்தான் கிடந்தது. ராஜையன் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். சலாஹுதீன் ஹாண்டிலைச் சுற்றினார். எழும்பாத சாதி அன்று இரண்டே சுற்றில் எழும்பியது. அழுத தேவகனியை முன் இருக்கையில் போட்டுக்கொண்டார்கள். ராஜையன் பக்கத்துப் படியில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கோட்டாறு போயிற்று, பார்வதிபுரம் போயிற்று. ஏற்றம் வந்தது. கார் முனகியது, வேகம் குறைந்தது, ஆள் நடக்கிற நடைக்கு வந்தது. ராஜையன் கீழே பார்த்தார். அந்த இடம், அதே இடம். உள்ளே நேசபாயின் முனகலும் கேட்டது.

அப்போது அவர் செய்ததை வண்டிமாடு பழகிய எவனும் செய்வான். ஏற்றத்தில் ஆண்பிள்ளைகள் வண்டியில் இருக்கக்கூடாது. இறங்கி, பாரத்தைக் குறைத்து, பின்னால் கை கொடுக்க வேண்டும். ராஜையன் படியிலிருந்து இறங்கிவிட்டார். இறங்கி, தள்ளுவதற்கு இரண்டு கையையும் நீட்டினார்.

கைக்குக் கார் அகப்படவில்லை. பாரம் குறைந்த கார் ஒரு குலுங்கு குலுங்கி மேலே போயிற்று. அவர் ஓடினார். கார் அவரைவிட நன்றாக ஓடியது.

உள்ளே நடந்ததைச் செல்லக்கனி பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள். "அண்ணாச்சி விழுந்துட்டாரு!" என்று சலாஹுதீன் பதறினாராம். நேசபாய், "விழல்ல, எறங்கியிருக்காரு. நீங்க நிறுத்தாம போங்க. அவருக்கு வழி தெரியும்" என்றாளாம்.

ராஜையன் ஏற்றத்தில் தனியாக நின்றார். காளை படுத்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டைக் கடந்து மறைந்த கார், வளைவில் ஒரு முறை ஹாரன் அடித்தது. கன்றைத் தேடும் அந்தக் கத்தல் அன்று அவர் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது! நடுரோட்டில் நின்று சிரித்தார், அழவும் செய்தார்.

பின்னால் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏறுங்க அண்ணாச்சி. எடப்பக்கத்து மாடு நீங்க சந்தையில வச்சு, நெத்திச்சுழி ஆகாதுன்னு தள்ளினதாக்கும்."

ராஜையன் அதன் நெற்றியை ஒரு தடவு தடவிவிட்டு ஏறிக்கொண்டார். நெற்றிச்சுழி மாடு எங்கும் படுக்காமல் அவரை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டது.

மரத்தடியில் சலாஹுதீன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜையன் தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, "எந்த வெரலப் பிடிக்கணுமோ நீரே பிடிச்சுக்கிடும் சாயிபே" என்றார்.

"மொதல்ல உள்ள போங்க அண்ணாச்சி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சாச்சு."

உள்ளே நேசபாய் கட்டிலில் கிடந்தாள். களைத்திருந்தாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது. நர்ஸ் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். பெண். வாங்கிய உடனே ராஜையனின் விரல்கள் தாமாகப் பிள்ளையின் உச்சியில் போய்த் தடவின. அங்கே இரட்டைச் சுழி.

நேசபாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன, ஒரு ஆழ்ச்ச நிக்கட்டுன்னு சொல்லப் போறியளா?"

ராஜையன் கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார். அது சலாஹுதீனிடம் இருந்தது. கண்ணீர் பிள்ளைமேல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"நம்ம தொழுவுல பொறந்ததுக்கு நான் சுழி பாக்கதில்லட்டி."